மதிய மாத்திரைக்கு முன் சிறுத்த எண்கள்

நடுக்குவாதம் எனும் பார்க்கின்சன் நோய் பற்றி இவ்வூரில் பேசுவோர் கண்டதையும் கேட்டதையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். அந்நோய் எனக்கே இருப்பதால், அத்தகைய கலப்பு இன்னொரு நோயாளிக்குத் தீங்காகலாம் என்பதை அறிவேன். ஆகவே நான் நேரில் கண்டதும், உடனிருந்தோரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதும், மருத்துவர் என்னிடம் சொன்னதும் மட்டுமே இங்கு இடம்பெறும்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவன் நான். பதனிட்ட தோலை மேசையில் விரித்து, சன்னல் வெளிச்சத்தில் பார்த்து, விரல்களால் தடவி, பின்புறத்தில் சாக்குக்கட்டியால் தர எண்ணை எழுதுவேன். அந்த எண்ணே முடிவு. முதலாளியும் அதைக் கேள்வி கேட்பதில்லை. நோய் வந்த பின்னும் அந்த நிலையை மாத்திரை காப்பாற்றிக் கொடுத்தது. காலையில் ஒன்று, மதிய உணவுக்கு முன் ஒன்று, மாலையில் ஒன்று. ஒன்று தீர்ந்து மற்றொன்று தொடங்குவதை நான் உணராமலே சில ஆண்டுகள் கழிந்தன.

பிறகு, நண்பகல் நெருங்கும்போது வலக்கால் தரையில் ஒட்டியதுபோல் தயங்கத் தொடங்கியது. புதிய செருப்பைக் குறை சொன்னேன். கைப்பொத்தான் விரலுக்கு அடங்கவில்லை. தையற்காரரைக் குறை சொன்னேன். மாத்திரையை மட்டும் ஐயுறவில்லை.

ஒருநாள் உணவு இடைவேளையில், மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தேன். பக்கத்து மேசையில் பல்லாண்டுகளாக என்னுடன் வேலை செய்யும் பாய், நான் பிரித்து வைத்த அடுக்கின் முன் நின்று, ஈரத்துணியால் என் எண்களை அழித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் பண்றீங்க?"

துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ஒண்ணுமில்லண்ணே. எழுத்து பொடிசா இருக்குது. லோடு ஏத்தறவங்களுக்குத் தெரியல. அதான் அழிச்சிட்டு பெருசா எழுதறேன். அண்ணன் எறும்புக்கு லெட்டர் போடறாருன்னு சிரிக்கிறானுங்க."

"எவ்ளோ நாளா?"

"ரம்ஜானுக்கு முன்னாலருந்தே."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா பேஜாராயிடுவீங்க. காலைல போடறது ஜோராத்தான் கீது. சோத்து நேரம் வர்றப்பதான் கம்மியாயிடுது."

அழிக்காத தோல்களைப் புரட்டினேன். அடியில் காலையில் எழுதியவை தெளிவாகப் பெரிதாக இருந்தன. மேலே வர வர எண்கள் சிறுத்து, கடைசித் தோலில் ஒரு கீறலாக ஒடுங்கியிருந்தன. பாயின் கை இன்னும் படாத, முந்தைய நாளின் பிற்பகல் அடுக்கைப் பார்த்தேன். மதிய மாத்திரைக்குப் பின் எழுதிய எண்கள் மீண்டும் பெருத்து, மாலையை நெருங்குகையில் மீண்டும் ஒடுங்கின. செருப்பும் தையற்காரரும் குற்றமற்றவர்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வியப்படையவில்லை.

"மத்தியானத்துக்கு முன்னால போன் பண்ணா உங்க குரல் கெணத்துக்குள்ளருந்து வர்றாப்ல இருக்கும். எனக்குத் தெரியாதா?"

"நீயுமா சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுட்டு மூலைல உக்காந்துடுவீங்க."

அன்று நான் உண்ணவில்லை. என் உடலைப் பற்றிய செய்தி சுமை ஏற்றுவோர் வரை சென்று, என்னை மட்டும் எட்டாமல் போயிருந்தது. அன்பினால் மறைத்தார்கள் என்பதை அறிவு ஏற்றது. மனம் இன்றும் ஏற்கவில்லை.

வேலூரில் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். "மாத்திரை கெட்டுப்போகல. நோய் வளர வளர அது சீக்கிரம் தீர்ந்துடும். அடுத்தது போடறதுக்கு முன்னால தொந்தரவு வருது, போட்டதும் போகுதுன்னா அதான் அடையாளம். நீங்களா ஜாஸ்தி போட்டுக்காதீங்க" என்று சொல்லி, வேளைகளை நெருக்கி எழுதிக் கொடுத்தார். எண்கள் இப்போது பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கின்றன.

பாயிடம் ஒன்றை மட்டும் கேட்டேன்: பெரிதாக எழுதியபோது என் எண்ணையே எழுதினாரா, தரத்தையும் மாற்றினாரா?

"உங்க தரத்த நான் மாத்துவனாண்ணே?" என்றார்.

அது விடையன்று. அந்தத் தோல்கள் கப்பலேறிவிட்டன. அவற்றில் நான் எழுதிய எண்ணும் அவர் எழுதிய எண்ணும் ஒன்றா என்பது எனக்குத் தெரியாது.