தறியில் தோற்காத இடம்

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் அண்ணன் ஒருவருக்கு ஒரே பாட்டு போதும். நான் பிறக்கும் முன்பே வந்த ஆங்கிலப் பாட்டு அது. தாளம்கூட மிஷினில் போட்டது, இம்மியும் பிசகாது. உலகத்தில் யார் அதைத் திரும்பப் பாடினாலும் செல்போனில் தேடிப் பிடித்துவிடுவார். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு கேட்கமாட்டார், நெய்துகொண்டேதான் கேட்பார். பாட்டில் தாளம் தளர்ந்தால், இழையை நெருக்க அவர் அடிக்கும் அடியும் தளரும், துணி இளகும். உடனே அந்த இழைகளைப் பிரித்துவிட்டு, "இது ஆவாதுபா" என்பார். பெரிய பெரிய பாடகர்கள் அந்தத் தறியில் தோற்றிருக்கிறார்கள்.

நானும் அதைக் கீபோர்டில் வாசித்து, பதிவுசெய்து, படபடப்போடு எடுத்துப்போனேன். பாட்டு ஓடியது, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா பறந்தது, அவருடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் ஆசைப்பட்டு வேகத்தைக் குறைத்திருந்தேன். அங்கே வந்ததும் தறியை நிறுத்தி, துணியை நகத்தால் தடவினார்.

"நாலு இழை லேசா வுழுந்திருக்குது."

"பிரிச்சிடுங்கண்ணா," என்றேன்.

இழையைத் தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார். "இருக்கட்டும்பா. இந்த எடம் நல்லா இருக்குது. மறுபடி போடு, கேட்டுக்கினே நெய்யுறேன்."

அந்தப் புடவை இப்போது எந்த ஊர்ப் பீரோவில் இருக்கிறதோ. நாலு இழை அகலத்துக்கு அதில் நான் இருக்கிறேன்.