அவுரிக் கிடங்கின் இடது ஓரம்

அன்று மாலை நாலரை மணிக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. வெளிச்சம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். அதனால் மணி மட்டும் மறக்கவில்லை.

போன வாரம் என் மனைவி டிரங்குப் பெட்டியை ஒழித்து, காமிராவுக்குப் போர்த்தும் அந்தத் துணியைக் கொடியில் உலர்த்தியிருந்தாள். அந்துருண்டை வாசனையையும் மீறிப் படம் கழுவும் மருந்தின் புளித்த நெடி வந்தது. "சும்மாதானே கெடக்குது, குடைக்கு ஒட்டுப் போட்டுக்கட்டுமா?" என்றாள். துணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, சேலத்தில் எனக்கு ஒரு சின்ன போட்டோக் கடை இருந்தது. வாரம் முழுவதும் மாப்பிள்ளை பெண்களை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்து அலுத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமையானால் ஆளில்லாத கட்டடங்களைத் தேடிப் போய்விடுவேன். கட்டடம் கண் சிமிட்டாது. படம் கைக்கு வந்ததும் 'என் மூக்கு இப்படியா இருக்கு?' என்று சண்டைக்கு வராது. பாழடைந்த சத்திரம், கூரை போன பஞ்சுக் கிடங்கு எதுவானாலும் சரி. இதில் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் இன்றும் ஒழுங்காகச் சொல்ல வராது.

ஆட்டையாம்பட்டிக்கு அப்பால், சோளக் காடுகளுக்கு நடுவில் நீலச் சாயம் எடுத்த ஓர் அவுரிக் கிடங்கு இருந்தது. சீமையிலிருந்து சாயப் பொடி வந்து இறங்கியதும் அவுரி பயிரிடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். செடியை ஊறப் போடும் தொட்டிகள் வரிசையாக வறண்டு கிடந்தன. உள்சுவரில் மட்டும் நீலம் போகவில்லை. மழை பெய்தால் அதிலிருந்து இன்னும் ஒரு மக்கிய வாடை வரும் என்பார்கள்.

முதல் தடவை போனபோது கடைப் புத்தியிலேயே எடுத்தேன். உச்சி வெயில், நேர் எதிரே முக்காலி, நட்டநடுவில் கட்டடம். கழுவிப் பார்த்தால் கிடங்கு கல்யாண மாப்பிள்ளைபோல விறைத்துக்கொண்டு நிற்கிறது. போதாக்குறைக்குப் பின்னால் இருந்த ஒற்றைப் பனை, கூரைக்குக் குடுமி முளைத்த மாதிரி விழுந்திருந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

சரி, திருத்திவிடுவோம் என்று மறுபடி போனேன். இந்தத் தடவை சாயங்கால வெயில். தூண்களின் நிழல் நீளமாக விழும். முக்காலியைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நகர்ந்து, தொட்டி வரிசை கீழ் மூலையிலிருந்து கண்ணை இழுத்துக்கொண்டு போகும்படி வைத்தேன். பனை கூரையை விட்டு விலகும்வரை நகர்ந்துகொண்டே இருந்தேன். எட்டு வயது மகள் கமலாவும் அன்று கூட வந்திருந்தாள். பஸ்ஸில் ஏறும் ஆசை அவளுக்கு.

காமிராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கமலா இடது ஓரத்தில் வௌவால்போலத் தலைகீழாக நின்றிருந்தாள். அவள் அங்கே நிற்பது படத்துக்கு இடைஞ்சல் என்று தோன்றியது. மறுபடி பனையைச் சரிபார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பினால் அவளைக் காணோம். 'அப்பாடா, ஓரம் சுத்தமாகிவிட்டது' என்று நினைத்தேன். நிதானமாகக் கண்ணாடித் தகட்டைச் செருகிப் படம் எடுத்தேன். அந்த 'அப்பாடா'வைத்தான் என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

தலையை வெளியே எடுத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தொட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். கிடங்குக்குள் புறாக்கள் மட்டும் படபடத்தன. அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் போனபோதுதான் கிணறு கண்ணில் பட்டது. கைப்பிடிச் சுவர் கிடையாது. எருக்கஞ்செடி சுற்றி மறைத்திருந்தது. ஆழத்தில் பச்சையாகத் தண்ணீர்.

என்ன கத்தினேனோ தெரியாது. பக்கத்துக் காட்டிலிருந்து சென்னியப்பன் என்ற குடியானவரும் அவர் தம்பியும் ஓடி வந்தார்கள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"என் பொண்ணு. இங்கதான் நின்னுட்டு இருந்தா."

"பதறாதீங்க சாமி. டேய் மாரா, கயித்த எடுத்தாடா!"

தம்பி கயிற்றைக் கட்டுவதற்குள் அவர் வேட்டியை வரிந்துகொண்டு குதித்துவிட்டார். முங்கினார், எழுந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினார். மாரன் மேலே நின்று என்னையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்தக் குட்டிச்செவுத்தப் படம் புடிக்கவா இத்தன தூரம் வந்தீங்க? சேலத்துல செவுரே இல்லீங்களா?"

நான் கிணற்றின் விளிம்பில் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வேறு எதையாவது சொல்லித் தப்பிக்கத் தோன்றுகிறது. அந்தக் கிடங்கு இப்போது இல்லை. செங்கல்லை ஊரார் வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். பனையை வெட்டியாயிற்று. கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டார்கள். மேலே சோளம் விளைகிறது. சண்டைக் காலத்தில் தகடும் மருந்தும் கிடைக்காமல் என் கடையும் போயிற்று. அன்றைய படம் மட்டும் இருக்கிறது. நான் எடுத்தவற்றில் அதுதான் ஒழுங்கானது என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். சுவரில் நான் மாட்டியதில்லை.

சென்னியப்பன் மூன்றாவது முறையோ நாலாவது முறையோ முங்கியிருந்தார். வெயில் மஞ்சளாகிவிட்டது. அப்போது சோளக் காட்டு வரப்பில் ஒரு நடுவயதுப் பெண் வேகமாக வந்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. தரையில் புரளும் பட்டுப் பாவாடை, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடை, சடை கொள்ளாத கனகாம்பரம், கழுத்தில் இடுப்புவரை தொங்கும் யாருடைய சங்கிலியோ. கமலா என்று அடையாளம் காணவே எனக்குச் சற்று நேரமாயிற்று. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா சொல்லாம போன?" என்றேன்.

"நீங்க துணிக்குள்ள இருந்தீங்கப்பா. அப்பப் பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அந்தப் பெண் என்னையும், கிணற்றுக்குள் தலை தூக்கிய சென்னியப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவும் விளங்காமல், என்மேல்தான் கோபப்பட்டாள்.

"ஏனுங்க, பொம்பளப்புள்ளயப் படம் புடிக்கறதுன்னா இப்படியா தலையக்கூட வாராம செவுத்தோரம் நிறுத்தறது? நாந்தான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வாரி உட்டேனுங்க. பட்டு எங்கூட்டுதுங்க, சங்கிலி பக்கத்தூட்டுது. பொழுது எறங்குது சாமி, வெரசாப் புடிங்க."