மே மாதத்து ஹீட்டர்

1994ஆம் ஆண்டு மே 17, பிற்பகல் மூன்று மணி. அபிராமபுரத்தில் எங்கள் மாடி வீட்டு மாமி, பிரசவ வலி கண்ட என் அக்காவையும் என்னையும் தமது சிறிய காரில் ஏற்றிக்கொண்டு அடையாற்று மருத்துவமனைக்குப் புறப்பட்டார். ஒல்லியான உருவம், ஒன்பது கஜப் புடவை, தடித்த மூக்குக்கண்ணாடி. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன்தான் அவர் வண்டி ஓட்டுவார்.

வழியில் அடையாற்றுப் பாலத்தின்மேல் நெரிசலில் நின்றோம். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது.

"ரேடியேட்டர் ஃபேன் சுத்தலை," என்றார் மாமி.

"வண்டி நின்னுடுமா மாமி?"

"நிக்க விடமாட்டேன். கண்ணாடியெல்லாம் இறக்கு."

ஹீட்டரை முழுவதுமாகத் திருகினார். இன்ஜினின் சூட்டைக் காருக்குள் இழுத்துக்கொண்டால் முள் தணியுமாம். அந்த அனல் அக்காவை எட்டாமல் தம் காலடியிலேயே விழும்படி திருப்பிக்கொண்டார்.

காற்று ஊதும் சத்தம் கேட்டுப் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மாமி, ஏசி போட்டுகினு கண்ணாடிய தொறந்து வெச்சிகீற?"

"ஏசி இல்லப்பா, ஹீட்டர்."

"மெட்ராஸ்லயா? வெயிலு பத்தலியா ஒனக்கு?"

"பின்னால பொண்ணு வலியில துடிச்சிண்டிருக்கா. வழி பண்ணிக் குடு."

அவர் சிரிப்பை விட்டுவிட்டு, முன்னால் நின்ற வண்டிகளை அதட்டி ஒதுக்கினார். முள் மெல்ல இறங்கியது. அக்கா முனகும்போதெல்லாம் மாமி, "இதோ வந்தாச்சுடீ," என்றார். அந்தக் குரலில் பதற்றமே இல்லை.

அன்று மாலை அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் காலை, செய்தி சொல்ல மாடிக்குப் போனேன். மாமியின் பாதங்கள் கன்றிச் சிவந்திருந்தன. அவ்வளவு அனலில் அவை ஒருமுறையேனும் பெடலை விட்டு விலகாதது எப்படி என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கீழே எங்கள் வீட்டுக்கு இறங்கி, அந்தப் பாதங்களில் தடவ வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் படியேறினேன்.