குடிபோதையில் இருந்தவர் யார்?

என் மகள் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வத்தேகமவிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கண்டிக்கு வகுப்புக்குப் போவாள். எனக்கு லீவான ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, "இனிமே அந்த கிளாசுக்குப் போகமாட்டேன்பா" என்றாள். கண் சிவந்திருந்தது.

அவளை அழவைத்தது ஒரே ஒரு வசனம். ஒரு பந்தியை வாசித்து விடை போடும் கிரகித்தல் பயிற்சியில் வந்தது. "குடிபோதையில் இருந்த தொழிலாளியின் மேற்பார்வையாளர் கடைக்காரரைத் தள்ளி விழுத்தினார்." பந்தியே அவ்வளவுதான். அதன் கீழே கேள்வி: குடிபோதையில் இருந்தவர் யார்? முதல் விடை தொழிலாளி, இரண்டாவது மேற்பார்வையாளர், மூன்றாவது கடைக்காரர். நாலாவது, பந்தியை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பது. மகள் நாலாவதைப் போட்டிருந்தாள். படிப்பிக்கும் சேர் அதை வெட்டி, சரியான விடை ஒன்றாவது என்று எழுதியிருந்தார்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கும் முதலில் தொழிலாளி குடித்ததாகத்தான் கேட்டது.

"அப்பா, 'இருந்த'ங்கிறது பெயரெச்சம். பின்னால வர்ற பேர அது பிடிக்கணும். இங்க பின்னால ரெண்டு பேர் நிக்கிறாங்க. யார பிடிக்குதுன்னு எப்படி சொல்றது?"

"அப்ப எப்படி எழுதியிருக்கணும்?"

"மேற்பார்வையாளர் குடிச்சிருந்தா, 'தொழிலாளியின் மேற்பார்வையாளர் குடிபோதையில் கடைக்காரரைத் தள்ளினார்'னு இடத்த மாத்தணும். தொழிலாளி குடிச்சிருந்தா வசனத்த ரெண்டா வெட்டணும். எழுதினவரு ரெண்டும் செய்யல. ஆனா பிழை எனக்கு."

இது எனக்கு விளங்காத விஷயம் இல்லை. கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் போடுகிறேன். "சீனி இல்லாம பால் டீயும் பிளேன் டீயும்" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தால், "சீனி எதுக்கு இல்ல?" என்று திருப்பிக் கேட்காமல் கரண்டியைத் தொடமாட்டேன். அந்தக் கடையில் எல்லோரும் அப்படித்தான். சீனி வருத்தக்காரர் ஒருவர் இனிப்பைக் குடித்துவிட்டால் யார் பதில் சொல்வது?

மகள் வகுப்பிலும் திருப்பிக் கேட்டிருக்கிறாள். "இது தெளிவா இல்லையே சேர்" என்றதற்கு அவர், "கொஞ்சம் பொது அறிவ பாவிக்கணும் மகள். தோட்டத்துல யாரு குடிப்பா? கங்காணியா?" என்றாராம். பின்வாங்கிலிருந்து ஒருவன், "சம்பள நாளா இருக்கும் சேர்!" என்று கத்த, வகுப்பே சிரித்திருக்கிறது. என் மகள் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

தோட்டம் என்ற சொல்லே அந்த வசனத்தில் இல்லை. அவராகத்தான் அதைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். எங்கள் லயத்து வீடுகளில் குடிப்பவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் அப்பாவும் குடித்தார். அதற்காக, அவர் குடிக்காத நாளிலும் குடித்தார் என்று எழுதிவைக்க எவனுக்கு உரிமை இருக்கிறது?

"அடுத்த சனிக்கிழமை நானும் வர்றேன்" என்றேன். மகள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். தெரியாதவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. வங்கிக்குப் போனாலும் மேசையைப் பார்த்துத்தான் பேசுவேன்.

சொல்லவேண்டியதை பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வகுப்பு ஒரு கடையின் மேல்மாடியில். சேர் மரியாதையான மனிதர். "வாங்க ஐயா, உள்ளுக்கு வாங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த தொழிலாளி..." என்றேன். மீதியைச் சொல்லாமல் மேசையைப் பார்த்தேன்.

"ஓ, அதுவா? மனசுல எடுக்காதீங்க ஐயா. அது உங்கள சொன்னதில்ல."

என்னைச் சொன்னதாக நான் எப்போது சொன்னேன்? அந்த வசனத்துக்குள் என்னையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இல்லை என்று வேறு ஆறுதல் சொல்கிறார்.

மகள் எழுந்தாள். "சேர், கிளாசுக்கு ஒரு வசனம் சொல்லலாமா?" அவர் தலையாட்டினார். அவள் பின்வாங்குகளின் பக்கம் திரும்பி, "குடிபோதையில் இருந்த வைத்தியரின் சாரதி வேலியை இடித்தார். வெறி யாருக்கு?" என்றாள்.

"ட்ரைவருக்கு!" ஏழெட்டுக் குரல் ஒன்றாக வந்தது.

"ஏன், டொக்டர் குடிக்க மாட்டாரா? ரெண்டு வசனமும் ஒரே மாதிரிதான். போன கிழமை முன்னால நின்னவருக்கு வெறி, இண்டைக்கு பின்னால நின்னவருக்கு வெறி. சம்பளம் யாருக்கு குறைவோ அவருக்குத்தான் குடுக்கிறீங்க."

பின்வாங்கிலிருந்து ஒரு பையன், போன கிழமை கத்தியவனாகத்தான் இருக்கவேண்டும், "அடேங்கப்பா, லோயரம்மா இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க" என்றான். இந்தத் தடவை யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

சேர் பலகையைத் துடைத்துக்கொண்டே, "பொயிண்ட் நல்ல பொயிண்ட்தான். ஆனா விடை ஒண்ணாவதுதான். பேப்பர் திருத்துறவரோட வழக்காட ஏலாது மகள். சரி, அடுத்த பந்தி" என்றார். அவள் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தாள். எழுந்து வந்துவிடுவாளோ என்று பயந்திருந்தேன். வரவில்லை.

நான் படியிறங்கி வந்தேன். கோபம் என்னோடு இறங்கி வந்தது. நல்ல பொயிண்ட் என்று ஒத்துக்கொண்ட வாயால் விடை ஒன்றாவது என்கிறார். நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கப்போகிறார்கள். அவர்கள் கையில் பொலிஸ் எழுதிய வாக்குமூலம் ஒன்று வரும். அதிலும் ஒரு வசனம் இப்படி இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கும். அப்போதும் பொது அறிவைப் பாவித்துத்தான் ஒருவனை உள்ளே அனுப்புவார்களா?

பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது மகள் அதே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்புக்குத் தொடர்ந்து போவதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"பரீட்சைல இதே மாதிரி வந்தா ஒண்ணு போட்டா மார்க் கிடைக்கும்பா. நாலு போட்டா போயிடும். ஒரு மார்க்ல எடம் இல்லாம போனவங்க இருக்காங்க. என்ன செய்யட்டும்?"

அவளுக்கு அந்த இடம் கிடைக்கவேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை. ஒன்றையே போட்டுவிட்டு வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒன்று என்று போட்டால், குடித்தாரோ இல்லையோ தெரியாத அந்த மனிதரின் வாயில் என் மகளே சாராயத்தை ஊற்றியதாகிவிடும்.

"நாலு போடு" என்றேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.