இரண்டு கொல்லர்களும் ஒரு கல்லும்

எழுபதுகளில் மெல்பேர்ணில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஜெர்மன் வழி வந்தவர். அவருடைய தாய் இறந்து ஒரு வருடமாகியும் கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. கல்லில் குடும்பப் பெயரை எப்படி எழுதுவது என்று அவருக்கும் தம்பிக்கும் கொழுவல்.

முதலாம் உலகப் போரின்போது ஜெர்மன் பெயர் என்றாலே ஊர் முறைத்துப் பார்த்ததாம். பயந்துபோன தகப்பன் 'ஷ்மிட்'டை 'ஸ்மித்' ஆக்கினார். பிறகு வேலை தேடி வடக்கே போய் அங்கேயே இறந்து அடக்கமானார். மூத்தவர் வளர்ந்து, ரோஷம் வந்து, ஷ்மிட்டுக்குத் திரும்பிவிட்டார். தம்பி ஸ்மித்தாகவே இருந்தார். இரண்டுக்கும் கொல்லன் என்றுதான் அர்த்தம். ஓர் ஆணியை ஒழுங்காக அடிக்கத் தெரியாத இரண்டு கிழவர்கள், யார் அசல் கொல்லன் என்று ரெலிபோனில் கத்துவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் எங்கள் குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது மனிதர் அழுதேவிட்டார். அம்மா பெயரில்லாமல் கிடக்கிறாள் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, கல்யாணம் முடித்தவள் புருஷனுடைய சொந்தப் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போடுவாள், அத்தோடு சரி என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

"உங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை? அந்தாள் அப்பிடியே செய்யப்போகுது," என்றாள் மனைவி.

செய்தேவிட்டார். கல் வைத்த அன்று எங்களையும் கூட்டிப் போனார். வழவழப்பான கறுப்புக் கல்லில், எங்கள் ஊர் ரீச்சர்மாரின் பெயரைப்போல, முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, பிறகு கிழவியின் பெயர். ஷ்மிட்டும் இல்லை, ஸ்மித்தும் இல்லை. ஐயோ, குடும்பத்தைக் குழப்பிவிட்டேனே என்று நான் மனைவிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

தம்பிக்காரர் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். கல்லை வாசித்தார். இது என்ன எழுத்து என்று கேட்டார்.

"அப்பாவுடையது," என்றார் மூத்தவர். "அம்மா அவரைக் கூப்பிட்ட பெயர்."

தம்பி தொப்பியைக் கழற்றினார். 

"நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லி எவ்வளவு காலம்," என்றார்.