கண்ணாடியில் மோதிய ஆறுமணிக்குருவி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். தேனியிலிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்து, ஒரு பழம்பொருள் கடையில் கூட்டித் துடைக்கிறேன். ஏதாவது தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். அதே பயத்தில்தான் வாசல் கண்ணாடியில் ஒரு விரல்தடம்கூட விடாமல் துடைப்பேன்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, அந்தக் கண்ணாடியில் ஏதோ பொத்தென்று மோதியது. வெளியே ஓடினேன். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு குருவி கிடந்தது. கடையில் சட்டம் போட்டு விற்கிற சிறப்புத் தபால்தலையில் இருக்கும் அதே ஆறுமணிக்குருவி.

முதலாளி சேட்டன் அதை அட்டைப்பெட்டியில் வைத்து மூடினார். "இருட்டில கிடக்கட்டும். வடக்கே மழை கழிஞ்சா அங்கேருந்து வர்றதாக்கும். ராத்திரியில பறந்து வரும்."

அவ்வளவு தூரம் வந்தது, நான் துடைத்த கண்ணாடியில் தெரிந்த எதிர்ப்பக்க மரத்தை நிஜமென்று நம்பியிருக்கிறது. செத்துவிடுமோ என்று பெட்டியருகிலேயே நின்றேன். மதியம் உள்ளே நகம் கீறும் சத்தம் கேட்டது. பின்பக்கம் கொண்டுபோய்த் திறந்தேன். சற்றுத் தயங்கிவிட்டுப் பலாமரத்துக்குள் பறந்து போனது.

சேட்டனிடம் போய்க் கேட்டேன்: "சேட்டா, இனி வெளிப்பக்கம் துடைக்காம விடட்டா?"

"அப்புறம் உனக்கு இங்க என்ன ஜோலி?" என்று சிரித்தார். "சரி, விடு. வந்து ஒரு வருஷமாச்சு. இன்னிக்குத்தான் என்கிட்ட ஒண்ணு கேக்குற."

பள்ளுருத்தியில் நான் தங்கியிருக்கும் அறையில் அன்றும் தனியாகத்தான் சாப்பிட்டேன். நான் பேசாமலிருந்ததை ஒருவர் இத்தனை நாளும் கவனித்திருக்கிறார் என்பது மட்டும் புதிதாக இருந்தது.