பிழை நீக்கப்பட்ட எட்டு நிமிடங்கள்

என் தம்பியைச் சொந்தபந்தம் எல்லாரும் ‘கீறல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் அவனுக்கு ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்யும் நிறுவனத்தில் வேலை. பழைய கேசட், தேய்ந்த இசைத்தட்டு, காற்றிரைச்சலோடு பதிவான மேடைப் பேச்சு, எது வந்தாலும் அதிலிருக்கும் டிக், டொக், உஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொடுப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதே டிக், டொக், உஸ்ஸை வைத்துப் பாட்டு கட்டுவான். கேட்டால் கிளிட்ச் இசையாம். எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட். கிளம்புவதற்கு முன் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால், அடுத்த அறையில் ஒரு சிடி ஒரே இடத்தில் நின்று விக்கும். பதினாலு வருஷமாக இந்தக் கூத்து. ஒருநாள் ஆத்திரத்தில் சுவரில் ஓங்கித் தட்டினேன். அந்தச் சத்தத்தையும் பதிவு செய்து பாட்டில் சேர்த்துவிட்டான், பாவி.

எங்கே அனுப்பினாலும் ஒரே பதில்தான் வரும்: கோப்பு பழுதாகியிருக்கிறது, மறுபடி அனுப்பவும். ஒரு தடவையாவது தன் பாட்டை நாலு பேர் முழுசாகக் கேட்கவேண்டும், அவனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். போன வருஷம் வானொலியில் புது இசைக்கென்று ஞாயிறு மத்தியானம் நேரம் ஒதுக்கினார்கள். இவனுக்கு எட்டு நிமிடம் கிடைத்தது. இது என்ன பாணி, அடுத்து எங்கே போகும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் பேனாவைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வாயால் சொல்லித் தொலைடா என்றேன்.

“மெஷின் தப்பு பண்றப்போ வர்ற சத்தத்தைத் தூக்கிப் போடாம, அதையே பாட்டா கேக்குறதுதான்க்கா. ஆனா இப்போ போன்லயே அதுக்கு ஒரு பட்டன் வெச்சுட்டாங்க. தட்டினா பாட்டு விக்கி விக்கி வருது. நாம கேட்டு வாங்குறது எப்படித் தப்பாகும்? இனிமே எங்க போகும்னு எனக்கே தெரியல.”

அதையே எழுது என்றேன். எழுதினான்.

அந்த ஞாயிறு அவனோடு அம்மா, சித்தப்பா, நான் மூன்று பேரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்தோம். எட்டு நிமிடமும் ‘ம்ம்ம்’ என்று ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் வந்தது. மருந்துக்குக்கூட ஒரு டிக் இல்லை. இன்றைக்குத்தான் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறாய் என்று அம்மா பூரித்துப்போனாள். சித்தப்பா எழுந்து கைகொடுத்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரத்தில் நிகழ்ச்சி நடத்தும் அம்மாள் போன் செய்தாள். மனசுக்கு அமைதியாக இருந்ததென்று நேயர்கள் பாராட்டுகிறார்களாம், இதேமாதிரி இன்னொன்று வேண்டுமாம்.

மறுநாள் அவன் ஆபீஸ் போய்த் துழாவியபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் எல்லாப் பதிவுகளையும் வானொலிக்காரர்கள் சுத்தம் செய்ய இவன் நிறுவனத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். வெறும் நம்பரோடு வரும், ஆள் கை படாமல் மெஷினே சுத்தம் செய்துவிடும். எந்தச் சத்தம் பிழை என்று அந்த மெஷினுக்கு ஆறு வருஷம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது சாட்சாத் என் தம்பிதான். ‘நீக்கப்பட்ட பிழைகள்: 4,112’ என்று அச்சடித்த தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

“என் வேலைதான்க்கா. ஒண்ணுகூட விடல.”

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. அன்றைக்குப் பாத்திரங்கள்தான் என்னிடம் அடிபட்டன.

நீக்கியதையெல்லாம் மெஷின் தனியாக ஒரு கோப்பில் போட்டுவைக்குமாம். அதைப் போட்டுக் கேட்டிருக்கிறான். ரீங்காரம் போய், அந்த நாலாயிரத்துச் சொச்சம் சத்தங்கள் மட்டும் இருந்தன. நான் செய்ததைவிட இது நன்றாயிருக்கிறது, யாரும் தேர்ந்தெடுக்காமல் தானாக வந்தது, இனிமேல் போகவேண்டிய வழி இதுதான் என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். அதையே அனுப்புவதாக முடிவும் செய்தான். ஆனால் அதுவும் அந்த மெஷின் வழியாகத்தான் போகவேண்டும். போனால் மிஞ்சுவது வெறும் மௌனம். மெஷினில் விடாமல், காதால் கேட்டுச் சரிபார்த்தேன், பிழை ஏதும் இல்லை என்று அவனே கையெழுத்துப் போட்டால் அப்படியே போகும். மாட்டினால் வேலை போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு டிக்கைக்கூட வெளியே விடாதவன் அவன். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

“உன் பாட்டுல பிழை இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு,” என்றேன்.

“இல்லக்கா.”

“அப்புறம் என்னடா? போடு.”

போட்டான்.

அடுத்த ஞாயிறு மறுபடி உட்கார்ந்தோம். டிக். கொஞ்சம் விட்டு இரண்டு. பிறகு பொலபொலவென்று உதிர்ந்தன. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது, சத்தம் நின்றது. “தடங்கலுக்கு வருந்துகிறோம்,” என்றது ஒரு பெண் குரல். ஏதோ புல்லாங்குழல் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வானொலி நிலையத்துக்குப் போன் போட்டு, இப்போது போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கத்தினேன். எடுத்தவர் நல்ல மனுஷன். கொஞ்சமும் கோபப்படவில்லை.

“மன்னிச்சுக்கோங்கம்மா, ஏதோ கோளாறு. உடனே கவனிச்சு சரி பண்ணிட்டோம். இப்போ நல்லா கேக்குதுல்ல?”